புது கேம் அறிவிப்பு: இதழில் படிப்பதா, நேரலையில் பார்ப்பதா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். புது கேம் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள, கேம் நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் நேரலைதான் நல்ல வழி. அந்த கேமை விளையாடினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், பெரும்பாலான நேரலைகள் பழைய அச்சு இதழின் அட்டைப்படக் கட்டுரைக்கு அருகில்கூட வருவதில்லை. இரண்டு வழியும் இன்று திறந்திருக்கின்றன. எதில் என்ன கிடைக்கும், எங்கே ஏமாற்றம் வரும், அதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அச்சு இதழின் முறை இப்படி. கேம் நிறுவனம் ஒரே ஒரு இதழைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்க்ளூசிவ் கொடுக்கும். இதழ் கடைக்கு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நிருபர் ஸ்டுடியோவுக்குப் போவார். பில்டை, அதாவது அதுவரை உருவான கேமின் ஓடுகிற வடிவத்தைப் பார்ப்பார், இயக்குநரிலிருந்து ஒலி வடிவமைப்பாளர் வரை உட்காரவைத்துப் பேசுவார். இன்ன தேதிக்கு முன்னால் வெளியிட மாட்டோம் என்று எம்பார்கோவில் கையெழுத்து ஆகும். பிறகு லேஅவுட், அச்சு, தபால். பத்துப் பன்னிரண்டு பக்கத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால் நிறுவனமும் ஒரு லோகோவைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. சண்டை முறை எப்படி, வரைபடம் எவ்வளவு திறந்தது, திறன் எப்படி வளரும் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பின் தரத்தைக் காப்பாற்றியது அந்தப் பக்கக் கணக்குதான்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் ஸ்கைரிம் கேமுக்கு 2010 டிசம்பரில் ஒரு விருது விழாவில் சின்ன டீசர் வந்தது. கேம் இன்ஃபார்மர் என்ற அமெரிக்க இதழ் அதை 2011 பிப்ரவரி இதழின் அட்டைப்படக் கட்டுரையாக்கியது. புது எஞ்சின் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்), இரண்டு கையிலும் தனித்தனி ஆயுதமோ மந்திரமோ பிடிக்கும் முறை, டிராகன் மொழிக் கூச்சல்கள் என்று விளையாட்டின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருந்தது. கேம் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று கைக்கு வந்தது. அடுத்ததான எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6க்கு 2018 ஜூனில் ஒரு நிமிடம்கூட ஓடாத டீசர் காட்டினார்கள்: மலைகள், இசை, தலைப்பு. ஏழு ஆண்டு கடந்தும் கேம் வரவில்லை. மெட்ராய்ட் பிரைம் 4க்கும் 2017இல் லோகோ மட்டும்தான் வந்தது. 2019 ஜனவரியில் உருவாக்கத்தை முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று நின்டெண்டோவே வீடியோ போட்டது. கேம் வெளியானது 2025 டிசம்பரில். லோகோவை வைத்து ஒரு அட்டைப்படக் கட்டுரை எழுதவே முடியாது. நேரலையில் அதற்கும் கைதட்டல் கிடைக்கிறது.

அதற்காக அச்சு இதழ் மட்டும் நேர்மையின் உருவம் என்று சொல்ல வரவில்லை. பழைய ஸ்க்ரீன்ஷாட்களை இன்று பார்த்தால், கேமில் இல்லாத கூர்மை அவற்றில் தெரியும். காரணம் எளிது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1280×720 படம் அந்தக் கணக்கில் நாலேகால் அங்குல அகலம்தான் வரும். இரண்டு பக்கத்தை நிரப்ப ஏறக்குறைய 5000 பிக்சல் அகலம் தேவை. அதனால் ஸ்டுடியோக்கள் கன்சோலால் ஓட்டவே முடியாத அளவில் காட்சியை ரெண்டர் செய்து, விளிம்புகளின் பிசிறை மழித்து, கேமராவை வசதியான இடத்தில் நிறுத்திப் படம் அனுப்பின. புல்ஷாட் என்று விளையாடுகிறவர்கள் பேர் வைத்தது இதற்குத்தான். ஓடும் வீடியோவில் இந்த வித்தை கடினம். ஃபிரேம் தடுமாறுவது, மரங்கள் திடீரென்று முளைப்பது எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

தவறான செய்தியைத் திருத்துவதிலும் அச்சு மெதுவானது. எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி 1992 ஏப்ரல் இதழில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ஷெங் லாங் என்ற ரகசிய எதிரி இருப்பதாக முட்டாள்கள் தினத்துக்காக எழுதியது. வேறு இதழ்கள் அதை உண்மை என்று நம்பி மறுபதிப்பு செய்தன. வாசகர்கள் மாதக்கணக்கில் ஆர்கேடில் காசு போட்டுத் தேடினார்கள். இன்று அப்படி ஒன்று வந்தால் யாராவது கேமின் கோப்புகளைப் பிரித்து, அன்று இரவுக்குள் பொய் என்று காட்டிவிடுவார்கள்.

மாற்றம் எங்கே தொடங்கியது என்பதைப் போகிமான் வழியாகப் பார்ப்பது தெளிவாக இருக்கும். ஷோகக்குகானின் கோரோகோரோ இதழ் மாதம்தோறும் 15ஆம் தேதி வாக்கில் ஜப்பானில் வரும். 1996இல் மியூ என்ற அரிய போகிமானைப் பெற 20 பேருக்கு வாய்ப்பு என்று அதில் அறிவித்தபோது சுமார் 78,000 பேர் விண்ணப்பித்தார்கள். புது போகிமான்களின் முதல் படங்களும் பல ஆண்டுகள் அந்த இதழில்தான் வந்தன. கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே யாரோ பக்கத்தை போனில் படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். மடிந்த ஓரம், ஃபிளாஷ் வெளிச்சத்தில் பாதி அழிந்த எழுத்து என்று ஒரு புது போகிமானை உலகம் முதலில் பார்ப்பது அந்த மங்கல் ஸ்கேனில்தான். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் யாராவது மொழிபெயர்க்கும் வரை காத்திருக்க வேண்டும். 2013 ஜனவரி 8 அன்று நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாடா போகிமான் எக்ஸ், ஒய் கேம்களை உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வீடியோவில் அறிவித்தார். எல்லா நாட்டிலும் ஒரே நிமிடம், அவரவர் மொழியில் அறிவிப்பு, மங்காத படம். இதழில் வந்த எந்த அறிவிப்பாலும் இதைச் செய்ய முடிந்ததில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே நேரலையை மனதாரப் பாராட்டலாம்.

இனி இன்றைய நேரலைகள் ஒவ்வொன்றாக.

நின்டெண்டோ டைரக்ட் 2011 அக்டோபரில் தொடங்கியது. இன்றும் இருப்பதிலேயே ஒழுங்கான சேவை இதுதான். முன்பே பதிவு செய்தது, வெட்டிப்பேச்சு குறைவு. முன்னறிவிப்பிலேயே எத்தனை நிமிடம், எந்தக் கன்சோலுக்கு, எது இடம்பெறாது என்று சொல்லிவிடுகிறார்கள். 2024 ஜூன் டைரக்டுக்கு முன் ஸ்விட்சின் அடுத்த கன்சோல் பற்றி எதுவும் இருக்காது என்று தெளிவாகச் சொன்னது நல்ல உதாரணம். பெயரைக் கவனியுங்கள்: பார்ட்னர் ஷோகேஸ் என்றால் பிற நிறுவனங்களின் கேம்கள் மட்டும், இண்டி வேர்ல்டு என்றால் சிறு ஸ்டுடியோக்கள். மரியோவை எதிர்பார்த்து இவற்றில் உட்கார்ந்துவிட்டுத் திட்டுவது நியாயமில்லை. குறை ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளியில்தான் அறிவிக்கிறார்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1988இல் வந்த நின்டெண்டோ பவர் இதழை 2007 வரை வெளியிட்டதும் நின்டெண்டோவேதான். சொந்த வாயால் சொந்தச் செய்தி சொல்லும் பழக்கம் இணையத்தோடு வந்ததல்ல.

சோனியின் ஸ்டேட் ஆஃப் பிளே 2019 மார்ச்சில் வந்தது. தரம் ஏறி இறங்கும். ஒரே கேமுக்கு என்று ஒதுக்கிய நிகழ்ச்சிகள் நன்றாக இருக்கின்றன, பத்துப் பதினைந்து ட்ரெய்லரை அடுக்கிய நிகழ்ச்சிகள் மறுநாளே மறந்துபோகும்.

மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் டைரக்ட், 2023 ஜனவரியிலிருந்து வருவது, அட்டைப்படக் கட்டுரைக்கு மிக அருகில் நிற்கிறது. நாலைந்து கேம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் அளவுக்கு நேரம், உருவாக்குகிறவர்களே வந்து விளையாட்டு முறையை விளக்குகிறார்கள். முதல் நிகழ்ச்சியில் ஹை-ஃபை ரஷ் கேமை அறிவித்து அதே நாளில் விற்பனைக்கும் விட்டார்கள். அறிவிப்பும் வெளியீடும் ஒரே நாளில் நடப்பது அச்சில் கனவிலும் முடியாத காரியம். ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

சம்மர் கேம் ஃபெஸ்ட், தி கேம் அவார்ட்ஸ் இரண்டும் ஜெஃப் கீலி நடத்துபவை. 1995 முதல் நடந்த ஈ3 கண்காட்சிக்கு 2023 டிசம்பரில் அதிகாரபூர்வமாக மூடுவிழா நடந்த பிறகு, அந்த இடத்தைப் பெருமளவு இவை பிடித்துக்கொண்டன. சம்மர் கேம் ஃபெஸ்ட் மேடையில் ட்ரெய்லருக்கான நேரம் விலைக்கு விற்கப்படுகிறது. 2024இல் ஒரு நிமிடத்துக்கு 2,50,000 டாலர் என்று செய்தி வெளியானது. இலவசமாக இடம் பெறும் கேம்களும் உண்டு, ஆனால் பார்க்கிறவருக்கு எது எந்த வகை என்று தெரியாது. இது பெரிய குறை. இதழில் விளம்பரப் பக்கத்தின் மேலே விளம்பரம் என்று அச்சடிப்பார்கள், இங்கே அந்தக் கோடு இல்லை. நேரலையாக உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. மறுநாள் தனித்தனி ட்ரெய்லர்களை மட்டும் பார்த்தால் போதும்.

எதைப் பார்த்தாலும் நேரக் கணக்கு பலரைக் கவிழ்க்கிறது. அறிவிப்புகள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் (PT) வரும். அது குளிர்காலத்தில் உலகப் பொது நேரமான யுடிசியை விட 8 மணி பின்னால், கோடையில் 7 மணி பின்னால். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. ஜப்பான் மாற்றுவதே இல்லை, எப்போதும் யுடிசிக்கு 9 மணி முன்னால். கடிகாரம் மாற்றாத நாட்டில் இருப்பவர் ஜனவரியில் பார்த்த அதே நேரத்துக்கு ஜூனில் வந்தால், நிகழ்ச்சி ஒரு மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கும். மனக்கணக்கை விட்டுவிட்டு, யூடியூபில் அந்த நிகழ்ச்சிக்கான பக்கத்தைத் திறந்து நினைவூட்டலை அழுத்துங்கள். அது உங்கள் ஊர் நேரத்தில்தான் காட்டும்.

அடுத்தது படத் தரம். ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் 1080p, 60 ஃபிரேம் நேரலை வழக்கமாக நொடிக்கு 6000 கிலோபிட் அளவில்தான் ஓடும். புல்வெளி, மழை, தீப்பொறி என்று திரை முழுக்க நுணுக்கம் அசையும் காட்சியில் இந்த அளவு போதாது, படம் சதுரம் சதுரமாக உடையும். கேமின் கிராபிக்ஸ் மோசம் என்று அந்த நிமிடமே எழுதப்படும் கருத்துகளில் பல இந்த உடைசலைப் பார்த்து வந்தவை. நேரலையை வைத்து கிராபிக்ஸை எடைபோடாதீர்கள். கேம் நிறுவனத்தின் சொந்தச் சேனலில் தனியாக ஏற்றிய 4கே ட்ரெய்லரைத் திறங்கள். ஏற்றியவுடன் குறைந்த தரம் மட்டும் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள், 4கே வடிவம் தயாராக நேரம் எடுக்கும். உங்கள் திரை 1080p ஆக இருந்தாலும் தரத்தை 1440p அல்லது 2160pக்கு மாற்றுங்கள். அந்த அளவுகளுக்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட் (நொடிக்கான தரவு அளவு) தருவதால், சுருக்கிக் காட்டினாலும் படம் தெளிவாக இருக்கும். போனில் தானியங்கித் தரம் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும், கையால் மாற்ற வேண்டும்.

கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னும் முன்னும் நகரும். இதைப் பழகிக்கொண்டவர்களுக்கு ட்ரெய்லர் வேறொன்றாகத் தெரியும். முதல் சில நொடிகளில் திரையின் அடியில் சின்ன எழுத்து வரும், அங்கே நிறுத்துங்கள். கேம் எஞ்சினில் எடுத்தது என்றிருந்தால், அந்தக் காட்சி எஞ்சினில் உருவானது என்பது மட்டுமே பொருள். யாரோ கன்ட்ரோலரைப் பிடித்து விளையாடினார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. பிஎஸ்5இல் பதிவு செய்தது என்றோ, பிசியில் பதிவு செய்தது என்றோ இருந்தால் நம்பிக்கை கூடலாம். உயிர் அளவு, தோட்டா எண்ணிக்கை, சிறு வரைபடம் ஏதாவது திரையில் இருக்கிறதா பாருங்கள். 2020 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவின் கேம்பிளே காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு, விளையாடும் காட்சி ஏறக்குறைய இல்லாத துண்டுகளைக் கோர்த்துக் காட்டியபோது கோபம் கிளம்பியது இதனால்தான். ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் விவகாரத்தில், ட்ரெய்லரில் இருந்த காட்சிகள் இறுதி கேமைக் காட்டவில்லை என்ற புகார் 2013இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு வரை போய், செகா நிறுவனம் ட்ரெய்லர்களில் அறிவிப்பு வரி சேர்க்க ஒப்புக்கொண்டது.

ட்ரெய்லரின் முடிவில் தேதியோடு வரும் கடைசி அட்டைக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. தேதி முழுமையாக இருந்தால் நல்லது. ஆண்டு மட்டும் இருந்தால் தள்ளிப்போகலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லையென்றால் மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள். வட அமெரிக்க ட்ரெய்லரில் எந்த வயதினருக்கான கேம் என்று மதிப்பிடும் ஈஎஸ்ஆர்பி அமைப்பின் முத்திரை ஆர்பி என்றிருந்தால் மதிப்பீடு இன்னும் முடியவில்லை. எம், டி போன்ற இறுதி எழுத்து வந்துவிட்டால் வெளியீடு நெருங்கிவிட்டது. கன்சோல் லாஞ்ச் எக்ஸ்க்ளூசிவ் என்ற சொற்களை அவசரமாகப் படிப்பவர்கள் அந்தக் கன்சோலில் மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். வெளியாகும் நேரத்தில் வேறு கன்சோலில் இல்லை என்பதுதான் பொருள். பிசியில் அதே நாளில் வரலாம், பிற கன்சோல்களுக்குப் பின்னால் வரலாம். ட்ரெய்லர் முடிந்தவுடன் பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்து கணினித் தேவைகள், மொழி அட்டவணை இரண்டையும் பாருங்கள். தேவைகள் இன்னும் முடிவாகவில்லை என்று கிடந்தால் கேம் வர இன்னும் நாளாகலாம் என்று கொள்ளலாம்.

போலிகள் நேரலை நாளில்தான் அதிகம் முளைக்கும். உண்மையான நிகழ்ச்சியின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு, பழைய வீடியோவைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, ஓரத்தில் கிரிப்டோ பணம் கேட்கும் கியூஆர் குறியீடு போட்டிருப்பார்கள். எந்தக் கேம் நிறுவனமும் அறிவிப்பைப் பார்க்க கிரிப்டோ அனுப்பச் சொல்லாது. தேடலில் கிடைத்ததைத் திறக்காமல் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இணைப்பைப் பிடியுங்கள். கான்செப்ட் ட்ரெய்லர் என்ற பெயரில் ரசிகர்களும் ஏஐயும் செய்தவை தேடலில் மேலே வரும், சேனல் பெயரைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

லீக் பிரச்சினை இணையத்துக்கு வந்தும் ஒழியவில்லை. ஜிடிஏ 6இன் முதல் ட்ரெய்லருக்கு 2023 டிசம்பர் 5 என்று ராக்ஸ்டார் நாள் குறித்திருந்தது. முந்தைய நாளே அது எக்ஸ் தளத்தில் கசிந்து, நிறுவனம் உடனே உண்மையான வீடியோவை ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது ட்ரெய்லரை 2025 மே 6 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் போட்டார்கள். கசிய நேரமே கொடுக்காத இந்த முறை இனி இன்னும் பரவும்.

இப்போது அச்சுப் பக்கம். கேம் இன்ஃபார்மர் 1991இல் ஃபன்கோலேண்ட் கடைகளின் செய்தி மடலாகத் தொடங்கி, பின்னால் கேம்ஸ்டாப் என்ற கேம் கடைகளின் உறுப்பினர் அட்டையோடு சேர்ந்தே வந்ததால் ஒரு கட்டத்தில் 80 லட்சம் சந்தாவைத் தாண்டியது. கடைக்கு ஆள் குறைந்ததும் அந்தப் பலமே பலவீனமானது. 2024 ஆகஸ்டில் மூடினார்கள். கடைசி அட்டைப்படம் டிராகன் ஏஜ்: தி வெய்ல்கார்ட். அந்தக் கேமின் ட்ரெய்லர் ஜூன் மாதமே நேரலையில் வந்துவிட்டது, கட்டுரை பின்னால் வந்தது. வரிசை தலைகீழானதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. 2025 மார்ச்சில் கன்சில்லா கேம்ஸ் வாங்கி அதை மீண்டும் தொடங்கியது, அச்சு இதழும் திரும்பியது. கேம் உருவாக்கும் நிறுவனமே உரிமையாளர் என்பதை மனதில் வைத்துப் படிக்கலாம், ஆனாலும் ஸ்டுடியோவுக்குள் போய் எழுதும் கட்டுரைகளுக்காகச் சந்தா கட்டத் தகுந்தது.

1993 முதல் வரும் பிரிட்டனின் எட்ஜ், ஆண்டுக்கு 13 இதழ். எழுத்தின் தரத்துக்கு இதுதான் முதல் தேர்வு. ஹாலோ நைட்: சில்க்சாங் 2019இல் அறிவிக்கப்பட்டு உருவாக்குகிறவர்கள் ஏறக்குறைய மௌனமாகிவிட்ட காலத்தில், 2021 பிப்ரவரி தேதியிட்ட எட்ஜ் இதழின் அட்டைப்படக் கட்டுரைதான் ரசிகர்களுக்குக் கிடைத்த உருப்படியான செய்தி. ஆனால் வெளியீட்டுத் தேதி 2025 ஆகஸ்ட் 21 அன்று ட்ரெய்லரில் வந்தது, கேம் இரண்டே வாரத்தில் செப்டம்பர் 4 அன்று வந்தது. மாத இதழ் ஒன்று அச்சேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தேதிகளுக்காக இதழ் வாங்காதீர்கள்.

ஜப்பானின் ஃபமிட்சு 1986இல் தொடங்கிய வார இதழ், நான்கு பேர் ஆளுக்குப் பத்து என்று 40க்கு மதிப்பெண் போடுவது. ஜப்பானிய ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறி ஆடும் கேம்) ரசிகர்களுக்கு இன்னும் பயன்படும். மொழி தெரியாமல் போன் கேமராவால் மொழிபெயர்க்க முயன்றால், செங்குத்தாக ஓடும் வரிகளும் படத்தின் மேல் அச்சிட்ட எழுத்தும் கலந்து குழப்பும். பத்தியைத் தனியாக வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஓரளவு சரியாக வரும். எந்த இதழின் டிஜிட்டல் பிரதியையும் 10 அங்குல டேப்லெட்டில் படியுங்கள். மூன்று பத்தியாகப் பிரித்த பக்கத்தைப் போனில் இழுத்து இழுத்துப் படிப்பது கண்ணைக் கெடுக்கும்.

டிஜிட்டல் என்றால் நிரந்தரம் என்று நம்பவும் கூடாது. கேம் இன்ஃபார்மர் மூடிய அன்றே அதன் இணையதளத்தின் பழைய கட்டுரைகள் எல்லாம் ஒரு விடைபெறும் செய்திக்குத் திருப்பிவிடப்பட்டன. உயிர்பெற்ற பிறகுதான் அவை திரும்பின. நேரலைகளுக்கும் இதே கதிதான். உரிமம் முடிந்தது, பெயர் மாறியது என்று ஏதாவது காரணத்தால் ட்ரெய்லர் தனிப்பட்டதாக மாற்றப்பட்டுவிடும். பிடித்த கேமின் அறிவிப்புப் பதிவை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அன்றே சேமித்து வையுங்கள், முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்துவதுதான் வேலை. வீடியோ பெரும்பாலும் அதில் ஏறாது, ஆனால் தேதி, கன்சோல் பட்டியல், விவரக் குறிப்பு தங்கும்.

பழைய இதழ்களைத் தேட, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் திறந்த டிஜிட்டல் நூலகத்துக்குப் போங்கள். 1,500க்கும் மேற்பட்ட இதழ்கள், ஒவ்வொரு சொல்லையும் தேடலாம், இலவசம். கேமின் இறுதிப் பெயரைப் போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஸ்டுடியோவின் பெயரையோ, உருவாக்கத்தின்போது இருந்த தற்காலிகப் பெயரையோ போடுங்கள். அறிவிப்பு நாளில் பல கேம்களுக்கு வேறு பெயர்தான் இருந்தது. ஸ்கேனிலிருந்து கணினி எழுத்தைப் படித்ததால் அலங்கார எழுத்துருவில் இருக்கும் தலைப்புகள் தப்பிவிடும். உள்ளே கட்டுரையில் வரும் ஒரு கதாபாத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் சிக்கும்.